பதினோராம் பிரிவு: சென்னை மென்பொருள் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதன் புறநகரிலும் இயங்கும் மென்பொருள் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும், மனிதவளத் துறையினருக்கும், சட்டப் பிரிவினருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்காள் மகள் தனக்கு வந்திருந்த பணி நியமன ஆணையை அச்செடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். மொத்தம் 23 பக்கங்கள். ஊதிய விவரமும் விடுப்பு விதிகளும் அவளுக்குத் தெளிவாகவே இருந்தன. பதினோராம் பிரிவின் கீழ்தான் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஊழியர் பணியில் இருக்கும் காலம் முழுவதும், அலுவலக நேரத்திலோ அதற்கு வெளியிலோ, நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டோ சொந்தக் கருவிகளைக் கொண்டோ, தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ உருவாக்கும் எந்த நிரலும், எந்தக் கருத்தும், எந்த ஆவணமும் நிறுவனத்துக்கே உரியவை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. “மாமா, இதுல கையெழுத்துப் போட்டா என் பஸ் ஸ்டாப் புரோகிராம் யாரோடது?” என்று கேட்டாள்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவள் எழுதத் தொடங்கிய நிரல் அது. மாநகரப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை மக்கள் எப்படியெல்லாம் தட்டச்சு செய்வார்களோ அப்படியெல்லாம் தட்டச்சு செய்தாலும் சரியான நிறுத்தத்தைக் கண்டுபிடித்துத் தரும். திருவல்லிக்கேணி என்றாலும் டிரிப்ளிகேன் என்றாலும் ஒரே இடம். தரமணியை ஆங்கிலத்தில் ‘ஹெச்’ சேர்த்து எழுதுபவரும் உண்டு, சேர்க்காமல் எழுதுபவரும் உண்டு. பெரிய வேலை ஒன்றுமில்லை, ஆனால் பொறுமையான வேலை. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடம் தரும் குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் அதை வெளியிட்டிருக்கிறாள். அவளுக்கு முன்பின் தெரியாத சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள், பிழைகளையும் சொல்கிறார்கள். நியமன ஆணையின் கடைசியில் ‘முன்னரே உருவாக்கியவற்றின் பட்டியல்’ என்றொரு பிற்சேர்க்கை அரைப் பக்கம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டபோது, எல்லாரும் காலியாகத்தான் விடுவார்கள், நீங்களும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று மனிதவளத் துறையிலிருந்து பதில் வந்ததாம். காலியாக விட்டால் ‘எதுவும் இல்லை’ என்று கொள்ளப்படும் என்று அந்தப் பிற்சேர்க்கையின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

அவளுடைய கேள்விக்கு அன்று நான் நேரான பதில் சொல்லவில்லை. 1995 முதல் இந்த நகரத்தில் மூன்று நிறுவனங்களில் நிரல் எழுதி, சென்ற மார்ச் மாதம் பணியிலிருந்து விலகியவன் நான். மூன்று முறையும் இதே பிரிவில் கையெழுத்திட்டிருக்கிறேன்; முதல் முறை படிக்காமல், இரண்டாம் முறை படித்தும் புரியாமல், மூன்றாம் முறை புரிந்தும் வேறு வழியில்லாமல். அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடமிருந்தே கேட்டுப் பெறுவதுதான் முறை என்று தோன்றுகிறது.

நான் இந்தத் துறைக்குள் வந்த காலத்தில் அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் அமர்ந்து, கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டு, ஆண்டை இரண்டு இலக்கங்களில் வைத்திருந்த நிரல்களை நான்கு இலக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். தொலைபேசிக் கம்பி வழியே வந்த வி.எஸ்.என்.எல். இணைப்பில் ஒரு இயங்குதளத்தைத் தரவிறக்குவது நடக்காத காரியம் என்பதால், பி.சி. குவெஸ்ட் இதழோடு இணைப்பாக வந்த குறுந்தகட்டிலிருந்துதான் லினக்ஸை முதன்முதலில் நிறுவினேன். 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு பின்னர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடியபோது, மான்களைத் தாண்டி நடந்து போய் அந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அலுவலகத்தில் பயிற்சி வகுப்புகளில் கற்றுக்கொண்டதைவிட, பிறர் எழுதி வெளியிட்டிருந்த மூலநிரலைப் படித்துக் கற்றுக்கொண்டதே மிகுதி. அந்தக் கல்வியை வைத்துத்தான் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு முப்பது ஆண்டுகள் உழைத்தேன் என்பதால், நீங்களும் அந்த வகுப்பறைக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்.

2004இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீண்ட வரிகளைக் குறிப்பிட்ட இடத்தில் மடித்துத் தரும் ஒரு சிறிய கருவி, குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது, தமிழ் உரையைக் கண்டால் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். காரணம் எளிது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்துகள், எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிக்கோடில் அது ஐந்து குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வீதம் 15 பைட்டுகள். அந்தக் கருவி பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. இரவுகளில் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் பிரிக்காமல் எண்ணும்படி அதைத் திருத்தினேன். அனுப்பியதும் அதன் பராமரிப்பாளர் நன்றி சொன்னார்; கூடவே இரண்டு தாள்கள் கேட்டார். ஒன்று, குனு திட்டத்தின் பின்னால் உள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குப் பதிப்புரிமையை நான் எழுதித் தருவது. மற்றொன்று, இந்தத் திருத்தத்தின் மேல் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று என் நிறுவனம் எழுதித் தருவது.

இரண்டாவது தாள் ஏதோ அந்தப் பராமரிப்பாளரின் தனி விருப்பம் அன்று. 1991இல் வெளியான குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் இறுதியிலேயே அதற்கு ஒரு மாதிரி வாசகம் இருக்கிறது. அதில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் கற்பனை அதிகாரியின் பெயர் ‘டை கூன்’. பெருமுதலாளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து வைத்த வேடிக்கைப் பெயர். உரிம ஆவணத்தில் நான் படித்துச் சிரித்த ஒரே இடம் அதுதான். என் நிறுவனத்தின் டை கூனைத் தேடித்தான் பிறகு 14 மாதங்கள் அலைந்தேன். மனிதவளத் துறை சட்டப் பிரிவைக் காட்டியது, சட்டப் பிரிவு தலைமையகத்தைக் காட்டியது, தலைமையகம் பதில் எழுதவில்லை. “இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்ன வரும்னு சொல்ல முடியாது சார்” என்று ஒரு அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். ஏறத்தாழ 15 வரிகளுக்கு உட்பட்ட மாற்றங்களுக்கு இந்தத் தாள்கள் வேண்டியதில்லை என்பது குனு திட்டத்தின் வழக்கம். என் திருத்தம் 40 வரிகள். அதை 15 வரிகளாகச் சுருக்க முடியுமா என்று இரண்டு இரவுகள் முயன்றேன் என்பதை இப்போது வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். முடியவில்லை. அந்தத் திருத்தம் என் பழைய வன்தட்டோடு போய்விட்டது.

குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1984 ஜனவரியில் எம்.ஐ.டி.யில் தாம் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டுத்தான் அதற்கான நிரலை எழுதத் தொடங்கினார். ஊழியராக இருந்தால் தாம் எழுதுவதற்கு அந்த நிறுவனம் உரிமை கொண்டாடக்கூடும் என்பதே அவர் சொன்ன காரணம். வேலையை விட்ட பிறகும் ஆய்வகத்தின் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ள அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் அவரை அனுமதித்தார். அப்படி வேலையை விட்டு எழுதுவது சிலருக்குக் கைகூடும். வீட்டுக் கடனும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், ஊரில் மருந்து வாங்க வேண்டிய பெற்றோரும் இருக்கும் சென்னை நிரலாளருக்குக் கைகூடாது.

இப்போதெல்லாம் பல திட்டங்கள் அந்தத் தாள்களைக் கேட்பதில்லை. தன் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐ.பி.எம். மீது எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003இல் தொடுத்த வழக்குக்குப் பிறகு, லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலுக்கு அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதியவர் தம் பெயரிட்டு ஒப்பமிடும் முறை 2004இல் வந்தது. “இதை நான் எழுதினேன், இதைத் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு” என்பதுதான் அந்த ஒப்பத்தின் பொருள். பதினோராம் பிரிவில் கையெழுத்திட்ட ஒருவர் அந்த உறுதிமொழியை மனசாட்சியோடு தர முடியுமா? நடைமுறையில் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பயந்தவர்கள் எதையும் தருவதில்லை. பயப்படாதவர்கள் வேறு பெயரில், வேறு மின்னஞ்சலில் தருகிறார்கள். உங்கள் நிறுவனத்தின் மிகத் திறமையான பொறியாளர்களில் சிலர் நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. நான் எட்டு ஆண்டுகள் அப்படிச் செய்தவன்.

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனாலும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் தமிழ்ப் பத்திரிகை படிப்பதுபோல் உட்கார்ந்து படித்திருக்கிறேன். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாக அதில் சேர்க்கப்பட்டது என்பதே எனக்கு மகிழ்ச்சியான செய்தி. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணியின் போக்கில் ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை தருபவரே முதல் உரிமையாளர் என்கிறது. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நீங்கள் ஊதியம் கொடுத்து, பணியைச் சொல்லி, அதைச் செய்து வாங்குகிறீர்கள், அது உங்களுடையதுதான். ஆனால் சட்டம் ‘பணியின் போக்கில்’ என்று நின்றுகொண்ட இடத்தில் உங்கள் ஒப்பந்தம் நிற்பதில்லை. அது ஊழியரின் இரவுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், அவர் சொந்தக் காசில் ரிச்சி தெருவில் வாங்கிய கணினிக்கும் போய்விடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தன்னார்வலர்கள், யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் மேல் குறித்துக்கொண்டே இருந்தார்கள். மின்சாரம் இருந்த நண்பர் வீட்டு மாடியில் உட்கார்ந்து நானும் சில தெருக்களைக் குறித்தேன். என் அன்றைய ஒப்பந்தத்தின் எழுத்துப்படி பார்த்தால் முடிச்சூரின் அந்தத் தெருக்கள் என் நிறுவனத்துக்குச் சொந்தம். யாரும் கேட்க வரவில்லை, வரவும் மாட்டார்கள். அப்படியானால் அந்த வரி எதற்கு அங்கே இருக்கிறது?

உங்கள் தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். தம் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளோ ரகசியங்களோ இல்லாமல், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாமல் ஊழியர் உருவாக்கும் கண்டுபிடிப்பை வேலை தருபவர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று அந்த மாநிலத்தின் தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே பணிபுரியும் உங்கள் பொறியாளருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அவரோடு இரவு ஒன்பது மணிக்குக் காணொளியில் பேசும் சோழிங்கநல்லூர்ப் பொறியாளருக்கு இல்லை. இருவரும் எழுதுவது ஒரே நிரல் களஞ்சியத்தில்தான்.

இது நீதி பற்றிய பேச்சு மட்டுமாக இருந்தால் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எனவே பணக் கணக்கையும் சொல்கிறேன். என் இரண்டாவது நிறுவனத்தில் குறித்த நேரத்துக்கு அறிக்கைகளை அனுப்பும் மென்பொருள் ஒன்றைப் பராமரித்தோம். அதன் அடியில் இருந்த ஒரு திறமூல நிரலகம் (மூலநிரல் பொதுவில் இருக்கும், பிற மென்பொருள்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு), உலகத்தில் எல்லா நாடுகளும் கிரீன்விச்சிலிருந்து முழு மணிக்கணக்கில்தான் விலகியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தது. நம் நாடு ஐந்தரை மணி. காலை எட்டு மணி அறிக்கை எட்டரைக்கு வந்தது. 12 வரிகளில் சரிசெய்தோம். அதை மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் கேட்டபோது, அது வாடிக்கையாளரின் சொத்து என்று சட்டப் பிரிவு மறுத்துவிட்டது. அதன்பின் அந்த நிரலகத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பு வந்தபோதும் எங்கள் 12 வரிகளை மீண்டும் ஒட்டவைத்தோம். மூன்றாம் ஆண்டு அதன் உள்ளமைப்பு மாறியது. ஒட்டவைக்க ஒரு வாரம் ஆயிற்று. நான்காம் ஆண்டு அந்த வேலை தெரிந்த பையன் விலகிப்போனான். ஐந்தாம் ஆண்டு புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டோம், பழைய பதிப்பின் பாதுகாப்பு ஓட்டைகளோடு. ஆறாம் ஆண்டு காத்மாண்டுவைச் சேர்ந்த ஒருவர் அதே பிழையை மூலத் திட்டத்தில் திருத்திவிட்டார். நேபாளம் ஐந்தே முக்கால் மணி. எங்கள் திருத்தம் அரை மணிக்கு மட்டுமே சரியாக இருந்தது என்பதும், கால் மணிக்குத் தவறியிருக்கும் என்பதும் அவருடைய நிரலைப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. முதல் ஆண்டே வெளியிட்டிருந்தால் அவரோ அவரைப் போன்ற ஒருவரோ அதை அன்றே சொல்லியிருப்பார். ஆறு ஆண்டுகளின் ஆள்நேரமும் மிஞ்சியிருக்கும்.

2024 மார்ச் மாதம் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற திறமூல நிரலகத்தில் யாரோ திட்டமிட்டு வைத்திருந்த ரகசியப் பின்வாசல் வெளியே வந்தது நினைவிருக்கும். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தில் பங்களிப்பவர், மைக்ரோசாஃப்டின் ஊழியர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று கவனித்து, அதன் பின்னாலேயே போனார். உங்கள் நிறுவனத்தில் ஒருவர் அந்த அரை நொடியின் பின்னால் போயிருந்தால் அன்றைய டைம்ஷீட்டில் எந்தத் திட்டத்தின் பெயரில் அந்த நேரத்தைக் காட்டியிருப்பார்? ‘நான்-பில்லபிள்’, அதாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்க முடியாத நேரம், என்று போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மேலாளருக்கு விளக்கம் சொல்லியிருப்பார்.

உங்கள் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், செய்யும் வேலை அனைத்தும் வாடிக்கையாளருக்கே என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள்; அதை மீறி ஊழியருக்கு நீங்கள் உரிமை தர முடியாது. உண்மைதான். ஆனால் அடுத்த முறை அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, வெளியார் எழுதிய திறமூல நிரலில் நாம் செய்யும் பிழைத்திருத்தங்களை அந்தத் திட்டத்துக்கே திருப்பித் தரலாம் என்று ஒரு வாக்கியம் சேர்க்கக் கேட்டுப்பாருங்கள். கேட்ட இடங்களில் வாடிக்கையாளர் மறுத்ததை நான் பார்த்ததில்லை. கேட்காத இடங்கள்தான் ஏராளம். 2022இல் ‘மூன்லைட்டிங்’ என்ற சொல் நாளிதழ்களில் அடிபட்டபோது, ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களிடம் ஊதியம் வாங்குபவரையும், ஞாயிற்றுக்கிழமை எழுத்துருவைச் சரிசெய்பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. முன்னவரை நீங்கள் கண்டிப்பதில் நான் குறுக்கே வரமாட்டேன்.

நான் கேட்பது பெரிதல்ல. பதினோராம் பிரிவில் ‘அலுவலக நேரத்துக்கு வெளியிலும், சொந்தக் கருவிகளைக் கொண்டும்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, பணியின் போக்கில் உருவாக்கியவை, நிறுவனத்தின் ரகசியத்தைப் பயன்படுத்தியவை, நிறுவனத்தின் தொழிலோடு நேரடியாகப் போட்டியிடுபவை என்ற எல்லைக்குள் நிறுத்துங்கள். புதிதாக வாசகம் எழுத வேண்டிய சிரமம்கூட இல்லை. இத்தகைய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் 2017இல் யாரும் எடுத்தாளும்படி பொதுவில் விட்டிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அதை இந்தியச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். அதைவிட முக்கியம், அனுமதி கேட்டு ஊழியர் எழுதும் கடிதத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்து, பத்து வேலை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று எழுத்தில் தாருங்கள். மறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம். நான் 14 மாதங்கள் பட்டது மறுப்பினால் அல்ல, மௌனத்தினால்.

அரசு திறமூல மென்பொருளைக் கைக்கொள்வதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் அறிவித்தது. பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளம் இந்தச் சென்னையில், மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் நிறுவனத்தில்தான் உருவானது. இத்தனையும் நடந்த ஊரில், கல்லூரி இறுதியாண்டு வரை நிரலைப் பகிர்ந்து வளர்ந்த பிள்ளைகள் வேலையில் சேர்ந்த மறுநாளே தம் களஞ்சியங்களைப் பூட்டிவிடுகிறார்கள். என் கண்ணெதிரே அப்படிப் பூட்டப்பட்டவை குறைந்தது பத்திருக்கும். அவற்றில் தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றும் உண்டு.

அக்காள் மகள் வரும் முதல் தேதி பணியில் சேர்கிறாள். நான் சொல்லித்தான், பிற்சேர்க்கையைக் காலியாக விடாமல் தன் நிரலின் பெயரையும், அது வெளியான உரிமத்தையும், தொடங்கிய நாளையும், இனியும் தன் சொந்த நேரத்தில் அதைத் தொடர்ந்து பராமரிப்பேன் என்பதையும் நான்கு வரிகளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாள். அந்தத் தாள் உங்களுள் ஒருவரின் மேசைக்கு வரும். ‘படிவத்தைக் காலியாக விட்டு மீண்டும் அனுப்பவும்’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பாமல், பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி முத்திரையிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணியிலிருந்து விலகிய நிரலாளர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.